சித்தப்பாவின் பிடிலும் ஒரு சின்னக் குச்சியும்

(தம்பானூரில் நடந்த நமது குடும்ப சங்கமத்தில் பேசியது. வெளியூர் அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)

மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் காலை ரயிலில் வந்திறங்கி, பெட்டியோடு நேராக இந்த ஹாலுக்கே வந்துவிட்ட அன்பர்களுக்கும், பின்கட்டில் இன்னும் அடுப்போடு மல்லுக்கட்டிக் கொண்டிருப்பவர்களுக்கும் என் வந்தனம். எனக்கு முன்னால் பேசியவர் உபநிஷத்தைப் பற்றிப் பேசினார். எனக்குப் பின்னால் சாப்பாடு. நடுவில் அகப்பட்டுக்கொண்ட நான் மரத்தூளைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வித்வான் இல்லை. கணக்கு இலாகாவில் முப்பத்தைந்து வருஷம் பேனா பிடித்து 2009ல் ரிடையர் ஆனவன். வர்ணம் வரை வாசிப்பேன், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் ரிடையர் ஆனபிறகு இன்றுவரை பதினோரு பிடில்கள் என் கையால் செய்திருக்கிறேன். எதையும் விற்கவில்லை. இந்த ஊரில் கற்றுக்கொள்ளும் குழந்தைகளுக்கு இரவலாகக் கொடுத்துக்கொண்டு வருகிறேன். எதற்காக என்று செயலாளர் கேட்டார். அதற்கு நான் செய்த ஒரு பாவத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எங்கள் சித்தப்பா கரமனையில் பஜனை மடத்தில் பிடில் வாசிப்பார். கச்சேரி மேடை ஏறினவர் அல்ல. சனிக்கிழமை பஜனைக்கும், ராதா கல்யாணத்துக்கும், யாராவது பெண்ணுக்கு ஊஞ்சல் என்றால் அதற்கும் கூப்பிடுவார்கள். ஒரு கறுத்த மரப்பெட்டி, அதற்குள் ஒரு பழைய சீமைப் பிடில். 1966ல் எனக்குப் பதினேழு வயது. நவராத்திரி வந்தது. கொலுவில் வைக்க எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்கவேண்டும் என்று வீட்டில் ஒரே அமர்க்களம். சித்தப்பா ஏதோ காரியமாகக் கொல்லத்துக்குப் போயிருந்தார். அவருடைய பிடிலையும் பளபளப்பாக்கி அவரை ஆச்சரியப்படுத்தலாம் என்று எனக்குத் தோன்றியது. தந்திகளைக் கழற்றினேன். உப்புக்காகிதம் போட்டு, பழைய வார்னிஷ் முழுவதையும் தேய்த்து எடுத்தேன். மேஜை நாற்காலிக்குப் போடுகிற பாலிஷை மூன்று பூச்சு பூசினேன். தேய்க்கும்போது உள்ளே ஏதோ கடகடவென்று உருண்டது. கவிழ்த்துக் குலுக்கினேன். ஓட்டை வழியாக ஒரு குச்சி விழுந்தது. சுண்டுவிரலை விட ஒல்லி, இரண்டு அங்குல நீளம். ஏதோ குப்பை என்று ஜன்னல் வழியாக எறிந்துவிட்டேன். பிறகு தந்திகளை மாட்டி, நன்றாக முறுக்கி, சரஸ்வதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

சித்தப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. "பளபளன்னு இருக்குடா கண்ணா" என்றார். விஜயதசமியன்று எடுத்துப் பார்க்கிறார், மேல்பலகை இடது பக்கம் சற்று உள்வாங்கி, வலது பக்கம் நெடுக ஒரு விரிசல். பெட்டியில் வைத்து மூடினார். அதன்பிறகு அவர் வாசித்து நான் கேட்கவில்லை. பஜனைக்குப் போவார், தாளம் போடுவார், வந்துவிடுவார். 1981ல் காலமாகும்வரை என்னிடம் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை.

அந்தக் குச்சி என்ன என்று எனக்குத் தெரிய நாற்பத்து மூன்று வருஷம் ஆயிற்று.

ரிடையர் ஆன வருஷம் பரணைச் சுத்தம் செய்தபோது பெட்டி கிடைத்தது. நம்மூரில் மரவேலை செய்யும் ஒரு வயதான மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். வீணை பழுது பார்ப்பவர். வாங்கி, வெளிச்சத்தில் உள்ளே பார்த்தார். "சாமி, இதன் உயிரை எங்கே போட்டீர்கள்?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்தான் விளக்கினார். குதிரையின் வலது காலுக்குச் சற்றுப் பின்னால், மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒரு குச்சி நிற்க வேண்டும். பசை கிடையாது, ஆணி கிடையாது. இரண்டு பலகைகளும் பிடித்திருக்கும் பிடியிலேயே நிற்கும். நாதத்தை மேலிருந்து கீழே கொண்டுபோவதும் அதுதான், மேல்பலகை அமுங்காமல் தாங்குவதும் அதுதான். பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலிக்காரர்களும் அந்தக் குச்சிக்குத் தங்கள் பாஷையில் வைத்திருக்கும் பெயரே 'ஆத்மா' என்பது என்று பிற்பாடு புஸ்தகத்தில் படித்தேன். நம்மூர் மேஸ்திரி அந்தப் புஸ்தகம் படித்தவர் இல்லை.

சீமைச் சுருதியில் நாலு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு இருபது கிலோவுக்கு மேல். அதில் ஏழெட்டுக் கிலோ குதிரை வழியாக மேல்பலகையை அமுக்குகிறது. அந்தப் பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டர் கூட வராது. அதையும் நான் உப்புக்காகிதம் போட்டு இன்னும் மெலிதாக்கி, ஆத்மாவையும் பிடுங்கி எறிந்து, தந்தியை முறுக்கி வைத்தேன். உடையாமல் என்ன செய்யும்?

"எனக்குச் சொல்லிக்கொடுங்கள்" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் சிரித்தார். "சாமி, முதலில் உளி தீட்டிப் படியுங்கள்" என்றார். ஆறு மாசம் தீட்டினேன். சாணைக்கல்லும் எண்ணெயுமாக அவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நம் மனுஷாளில் ஒருவர் என் சம்சாரத்திடம், "உங்காத்து மாமாவுக்கு உடம்பு சரியாயிருக்கா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். இதை நான் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. பிடில் வாசிக்கிறவரை மேடையில் உட்கார்த்திப் பொன்னாடை போர்த்துகிறோம். அந்தப் பிடிலைச் செய்தது யார், பழுது பார்ப்பது யார் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013ல் கிடைத்தபோதாவது அந்த ஆசாரிமார்களைப் பற்றிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. பிடில் செய்கிறவனுக்கு நம் தேசத்தில் அதுவும் இல்லை. இத்தாலியில் கிரிமோனா என்ற ஊரில் இதற்கென்றே 1938லிருந்து பள்ளிக்கூடம் நடக்கிறது. 2012ல் அந்த ஊர்க் கைவேலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாகச் சேர்த்துக்கொண்டது. கலிபோர்னியாவிலிருந்து ஜேம்ஸ் விம்மர் என்ற கைவினைஞர் சென்னைக்கு வந்து நம் வித்வான்களின் வயலின்களைச் சரிசெய்து, இங்குள்ளவர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார். நல்ல காரியம். ஆனால் இருநூறு வருஷமாக வாசிக்கிற வாத்தியத்தைப் பழுது பார்க்க நாம் அவ்வளவு தூரம் காத்திருந்தோம் என்பதும் உண்டல்லவா?

இருநூறு வருஷம் என்று சொன்னேனே, அந்தக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர், மணலி முதலியாரின் ஆதரவில் இருந்த காலத்தில், சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் பிடில் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். தீக்ஷிதரின் சிஷ்யர்களான தஞ்சை நால்வரில் இளையவர் வடிவேலு. அவர் இந்த ஊருக்கு வந்து சுவாதித் திருநாள் மகாராஜாவின் சமஸ்தானத்தில் இருந்தார். அவருடைய பிடில் வாசிப்பில் மகிழ்ந்து 1834ல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். அப்போது மகாராஜாவுக்கு இருபத்தொரு வயது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தத் தம்பானூரிலிருந்து கோட்டை நடந்துபோகும் தூரம்தான். பத்மநாப ஸ்வாமி கோவிலுக்குப் பக்கத்தில் குதிரமாளிகையில் தந்தச் சிம்மாசனத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1851ல் லண்டன் கண்காட்சிக்கு இங்கிருந்து ஒரு தந்தச் சிம்மாசனத்தையே விக்டோரியா ராணிக்குப் பரிசாக அனுப்பினார்கள். அப்படிப்பட்ட கைகள் இருந்த ஊர். ஆனால் வேலைக்காரன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பிடிலின் மேல்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் மரத்தைப் போல் நாலு மடங்கு கனம் தந்தம். நாதத்துக்கு ஏற்ற சரக்கு அல்ல. அது மரியாதைக்காகக் கொடுத்தது. அன்றைக்கும் காதுக்கு இனிமையாகப் பேசியது மரப்பிடிலாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கத்துக்கும் கழுத்துக்கும் மேப்பிள். இரண்டும் குளிர்தேசத்து மரங்கள். விரல் பலகைக்கும் பிருடைக்கும் கருங்காலி. பக்கப்பலகை ஒரு மில்லிமீட்டர் கனம்தான். நனைத்து, சுடும் இரும்புக் குழாயில் மெள்ள மெள்ள வளைக்க வேண்டும். ஆரம்பத்தில் பத்துக்கு ஆறு உடைந்தது. மேல்பலகையும் கீழ்ப்பலகையும் வளைத்துச் செய்வதல்ல, கட்டையிலிருந்து குடைந்து எடுப்பது. முதுகு நடுவில் நாலரை மில்லிமீட்டர், ஓரத்தில் இரண்டரை. கடைசியில் கணக்குக்கு மேல் காதுதான். பலகையைத் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே சுரண்ட வேண்டும். கொஞ்சம் அதிகம் சுரண்டினால் திரும்பப் பெற முடியாது. இலாகாவில் தப்பான தொகையை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போடலாம். இங்கே அது நடக்காது. எனக்கு ஒரு பிடிலுக்கு நாலைந்து மாசம் ஆகிறது. எட்டாவது பிடிலுக்கு நம் பலாமரத்தில் முதுகு போட்டுப் பார்த்தேன். வீணைக்கு அமிர்தமாக இருக்கிற மரம், பிடிலுக்கு ஜலதோஷம் பிடித்த குரலாக வந்தது. அதுவும் ஒரு குழந்தையிடம் இருக்கிறது. அவள் குறை சொல்லவில்லை.

பசை விஷயத்தில்தான் எங்காத்தில் யுத்தமே நடந்தது. பிடிலை ஒட்டுவதற்கு மாட்டுத்தோலிலிருந்து காய்ச்சி எடுக்கும் வஜ்ரம்தான் உபயோகிக்க வேண்டும். கட்டியாக வரும், ஊறவைத்து, அறுபது டிகிரி சூட்டில் உருக்க வேண்டும். வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். "சமையல் உள்ளில் இதை வைத்தால் நான் பெண்ணாத்துக்குப் போய்விடுவேன்" என்றாள் என் சம்சாரம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கடையில் கிடைக்கிற வெள்ளைப் பசையை உபயோகித்தால் என்ன என்று முதல் பிடிலுக்கு அதையே போட்டேன். ஒரு வருஷத்தில் பாடம் கிடைத்தது. வஜ்ரம் வெந்நீர்ச் சூட்டுக்கு விட்டுக்கொடுக்கும். மழைக்காலத்தில் மரம் உப்பி இழுக்கும்போது ஒட்டு பிரியும், மரம் பிழைக்கும். வெள்ளைப் பசை விட்டுக்கொடுக்காது. அப்போது மரம்தான் பிளக்கும். இடவப்பாதியும் துலாவர்ஷமும் இரண்டு முறை கொட்டுகிற இந்த ஊரில் அதைவிடப் பெரிய பாடம் வேண்டாம். கடைசியில் குழந்தைகளுக்குப் பால்புட்டி சூடாக்கும் மின்சார அடுப்பு ஒன்று வாங்கி, வாசல் திண்ணையில் தனியாக ஏற்பாடாயிற்று. மிருதங்கத்தில் தோல் இல்லையா, அதைக் கோவிலுக்குள்ளேயே வாசிக்கவில்லையா என்று நான் வாதாடிப் பார்த்தேன். "அது அங்கே, இது இங்கே" என்று பதில் வந்தது. இன்றுவரை அந்தத் தீர்ப்பு மாறவில்லை. வேலை முடிந்ததும் ஸ்நானம்.

இன்னொரு விஷயம். சீமைப் பிடில் நம் வாசிப்புக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் தாடையில் வைத்து நின்று வாசிப்பவர்கள். நாம் சம்மணமிட்டு, தலைப்பாகத்தைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை மார்பில் சாய்த்து வாசிக்கிறோம். கமகம் போட்டுப்போட்டு விரல் பலகையில் வாய்க்கால் விழும், சில வருஷத்துக்கு ஒருதரம் இழைக்க வேண்டும். விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்கிறோம். அது ஒட்டுகளில் இறங்கினால் பிறகு எந்தப் பசையும் பிடிக்காது. பாடுகிறவர் ஒன்று, ஒன்றரைக் கட்டை சுருதி என்றால் தந்திகள் எல்லாம் சீமைச் சுருதியைவிட வெகுவாக இறங்கித் தொய்ந்துபோகும். ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடும் பெண்களுக்கு வாசிக்கும்போது அந்தச் சங்கடம் குறைவு. அதனால் குழந்தை யாரிடம், எந்தச் சுருதியில் கற்றுக்கொள்கிறது என்று கேட்டுத்தான் நான் தந்தியின் கனத்தையும் குதிரையின் உயரத்தையும் தீர்மானிக்கிறேன். கடையில் வாங்கும் பிடிலில் இதை யார் பார்க்கிறார்கள்?

இரவல் எப்படி என்றால், முன்பணம் கிடையாது. தினமும் வாசிக்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தரம், ஒவ்வொரு மழை முடிந்ததும் கொண்டுவந்து காட்ட வேண்டும். சொந்தமாக வாங்க வசதி வந்ததும், அல்லது வாசிப்பதை நிறுத்தியதும், திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன், பழைய இலாகா புத்தி. பதினொன்றில் இரண்டு திரும்பி வந்து வேறு குழந்தைகளுக்குப் போயிருக்கின்றன. ஒன்றின் மேல் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள். பாட்டி என்று நோட்டில் எழுதியிருக்கிறது. அதையும் ஒட்டிவிட்டேன்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கஷ்டமான விஷயம். சித்தப்பாவின் பிடிலைக் கடைசியாகத்தான் தொட்டேன். பயம். பத்து பிடில் செய்து கை பழகின பிறகு அதன் மேல்பலகையைத் திறந்தேன். விரிசலை ஒட்டி, உள்ளே பொட்டுப்பொட்டாக ஆப்பு வைத்து, இடது பக்கம் புதிதாகத் தாங்குகட்டை போட்டு, என்னுடைய மேஜை பாலிஷை அங்குலம் அங்குலமாகக் கரைத்து எடுத்தேன். ஆறு மில்லிமீட்டர் விட்டத்தில் ஸ்ப்ரூஸ் குச்சி ஒன்று சீவி உள்ளே நிறுத்தினேன். பழைய குரல் வந்ததா என்று கேட்காதீர்கள், எனக்கு அந்தக் குரல் ஞாபகமே இல்லை. ஆனால் குரல் வந்தது.

அதை யாருக்குக் கொடுப்பது? அப்போது வரிசையில் அடுத்து நின்றது ஒரு பத்து வயதுப் பெண். அப்பா இங்கே பஸ் ஸ்டாண்டு வாசலில் ஆட்டோ ஓட்டுகிறார். நம்மவர்கள் அல்ல. சங்கீதக் கல்லூரியில் படித்த ஒரு டீச்சரிடம் கற்றுக்கொள்கிறாள். கொடுத்தேன். நம் கமிட்டியில் ஒரு அன்பர், என்னைவிடப் பெரியவர், வருத்தப்பட்டார். "நம்ம குழந்தைகளே காத்திண்டிருக்கா. அதுவும் உங்க சித்தப்பா கைபட்டது. வெளியிலே கொடுக்கலாமோ?" என்றார். அவரிடம் கோபம் இல்லை, ஆதங்கம்தான். நம் குழந்தைகள் பாட்டை விட்டுவிட்டு என்ட்ரன்ஸ் கோச்சிங்குக்கு ஓடுகிற காலத்தில் அந்த ஆதங்கம் எனக்கும் புரியாமலில்லை. நான் சொன்னேன்: "மாமா, பாலுஸ்வாமி தீக்ஷிதருக்குச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரர் நம்மவரா? தந்தப் பிடில் வாங்கின வடிவேலு இசை வேளாளர். துவாரம் வேங்கடஸ்வாமி நாயுடு யார்? எனக்கு உளி பிடிக்கக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி யார்? இந்தப் பிடில் நம் ஆத்துக்கு வந்ததே வெளியிலிருந்துதானே?"

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இதோ முன்வரிசையில்தான் இருக்கிறார், தலையை ஆட்டுகிறார். ஆனால் அடுத்த மாசம் அவர் ஒரு பெட்டியோடு எங்காத்துக்கு வந்தார். காலமான மாமியின் பிடில். "சரி பண்ணிக் கொடுங்கோ. இது மட்டும் அங்கத்தினர் குழந்தைக்குத்தான்" என்றார். அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அதுவும் ஒரு குழந்தையின் கையில் இப்போது வாசிக்கப்படுகிறது. எங்கள் வாதம் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் இருக்கும் அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களாத்துப் பரணிலும் ஒரு பெட்டி இருக்கும். தாத்தாவோ, அத்தைப்பாட்டியோ வாசித்தது. தயவுசெய்து இறக்கிப் பாருங்கள். உள்ளே ஸ்டிராடிவேரியஸ் என்று சீட்டு ஒட்டியிருந்தால் உடனே பேரன்களுக்குப் பாகம் பிரிக்க வேண்டாம். ஜெர்மனியில் மார்க்நாயகிர்ஷன் வட்டாரத்தில் நூறு நூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஆயிரக்கணக்கில் செய்து, அந்தச் சீட்டை ஒட்டி உலகம் முழுக்க அனுப்பினார்கள். அசல் ஸ்டிராடிவேரி 1737ல் காலமானவர், அவர் செய்தவற்றில் சுமார் அறுநூற்றைம்பதுதான் மிஞ்சியிருக்கின்றன, ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்காக உங்களுடையது மட்டம் என்று அர்த்தமில்லை. அந்த ஜெர்மன் பிடில்கள் நல்ல மரம். குழந்தை பத்து வருஷம் வாசிக்கத் தாராளமாகப் போதும்.

துடைக்கிறேன் என்று ஈரத்துணி போடாதீர்கள், பாலிஷ் வேண்டவே வேண்டாம். தந்தி முறுக்காதீர்கள். வில்லின் குதிரைமயிரைப் பூச்சி தின்றிருக்கும், அது போகட்டும், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். கொட்டாங்கச்சி மாதிரி வாய் பிளந்திருந்தால் பயப்பட வேண்டாம், ஒட்டு விட்டிருக்கிறது, அவ்வளவுதான். காதருகே வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால், குலுக்கி வெளியே தள்ளாதீர்கள். தானாக விழுந்தால் ஒரு காகிதத்தில் மடித்து, பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

இலை போட்டாச்சு என்று அங்கிருந்து கையைக் காட்டுகிறார்கள். பின்வரிசையில் மூன்று பெட்டிகள் எனக்குத் தெரிகின்றன. சாப்பாடு ஆனதும், வெளிச்சம் இருக்கும்போதே, ஜன்னல் பக்கம் போட்டிருக்கும் மேஜைக்கு வாருங்கள். டார்ச்சும் பல் டாக்டர் கண்ணாடியும் கொண்டுவந்திருக்கிறேன். நாலு மணிக்கு அந்த ஆட்டோக்காரர் பெண் குதிரை மாற்ற வருகிறாள், அதற்குள் உங்களுடையதைப் பார்த்துவிடலாம்.